பழைய வெஸ்டர்ன் சேணம்: எண்ணெய் போடலாமா, என்ன விலை பெறும்?

மலைச்சாரல்

வணக்கம். கொலராடோவில் ஒரு பண்ணைவீட்டுச் சாமான் விற்பனையில் வந்த வெஸ்டர்ன் சேணம் ஒன்றைப் பற்றிக் கேட்க வேண்டும்.

முன்பக்கத்தில் கொம்பைத் தாங்கும் ஃபோர்க் இருபுறமும் புடைக்காமல் ஒடுக்கமாக இருக்கிறது. கொம்பு உள்ளே உலோகம், மேலே தோல் சுற்று. பின்புறம் முதுகுக்கு அணையாக நிற்கும் கேன்ட்டிலின் மேல்விளிம்பு பின்னோக்கி அகலமாக உருண்டிருக்கிறது. அடியில் விரியும் ஸ்கர்ட் சதுர மூலை, நீளம் 28 அங்குலம். ஒவ்வொரு பக்கமும் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு வளையங்கள். இருக்கைத் தோலில் தொடைப் பக்கம் வெட்டிய திறப்பு, அதன் வழியே அங்கவடி வார் தெரிகிறது. கேன்ட்டிலுக்குப் பின்னால் பாதி தேய்ந்த முத்திரை: "...னியா, மேக்கர், செயென்" வரை படிக்க முடிகிறது. அதற்கு மேல் தெளிவில்லை.

வாரைத் தொட்டால் செங்கல் நிறத்தில் தூள் ஒட்டுகிறது. விற்பவர் "150 வருஷப் பழசு, எண்ணெய் காட்டினால் புதுசாகிவிடும்" என்கிறார். எண்ணெய் போடலாமா? எந்த அளவு விலை நியாயம்?

தோல்வினைஞர்

எண்ணெய் வேண்டவே வேண்டாம். விலையைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், இதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் செங்கல் தூளுக்கு ரெட் ராட் என்று பெயர். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், காற்றில் உள்ள கந்தக வாயுக்களை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே அது கந்தக அமிலமாகி நாரை அரித்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதித் தோல்களில் இது மிகுதி. அரிபட்ட நாரை எதைப் பூசியும் மீட்க முடியாது. அதன்மேல் மாட்டுக் காலிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயோ சேணச் சோப்பும் தண்ணீருமோ பட்டால் தோல் கறுக்கும், காய்ந்ததும் இன்னும் இறுகி வெடிக்கும். அந்தக் கறுப்பு போகவே போகாது. பித்தளை, செம்பு கலந்த உலோகம் தொட்டிருக்கும் இடத்தில் கொழுப்பு சேர்ந்து பச்சை மெழுகுபோல் புடைத்து வரும். தோலின் மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சையாகவும் இருக்கலாம், யாரோ முன்பு பூசிய கொழுப்பு வெளியே கக்குவதாகவும் இருக்கலாம்.

செய்யக்கூடியது இவ்வளவுதான். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, வேக்குவம் குழாயின் வாயில் வலைத்துணி கட்டிக் குறைந்த இழுப்பில் எடுங்கள். பச்சை மெழுகை மரப் பல்குச்சியால் சுரண்டுங்கள், உலோகக் கருவி கூடாது. தூள் உதிரும் இடத்தை இறுக்க வேண்டுமானால் ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸ் 2 கிராமை 100 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கி, ஓர் இரவு ஊறவிட்டுத் தூரிகையால் மெல்லிசாகத் தடவலாம். ஆல்கஹால் 99 சதவீதம் என்று போட்டதாக இருக்கட்டும். மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், அதுவே தோலைக் கறுக்க வைக்கும். சில பழைய மேல்பூச்சுகளை ஆல்கஹால் கரைத்துவிடும் என்பதால், ஸ்கர்ட்டின் அடியில் கண்ணுக்குப் படாத இடத்தில் முதலில் சோதியுங்கள். முத்திரையின் மேல் எதுவும் படக்கூடாது.

ரிக்கிங்_ராஜபாட்டை

நல்ல முத்திரை கிடைச்சிருக்கு. வயோமிங்கின் செயென் ஊரில் எஃப்.ஏ. மீனியாவின் கடை. ஈ.எல். கல்லட்டின் என்ற சேணக்காரருடைய மருமகன் அவர். மாமன் தொழிலை எடுத்து நடத்தி, 1928இல் சாகும்வரை அந்தக் கடை அவர் பெயரில்தான் ஓடியது. பின்னோக்கி உருண்டிருக்கும் அந்தக் கேன்ட்டில் விளிம்புக்கே செயென் ரோல் என்று பெயர். உருவமும் முத்திரையும் ஒத்துப்போகுது.

ஆனா கடை அவ்வளவு காலம் நடந்திருக்கே, அதனால் முத்திரை மட்டும் வயசைச் சொல்லாது. ஊர்ப் பெயருக்கு அடுத்து என்ன இருக்குன்னு பாருங்க. அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தோலோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிச்சு நாலு திசையிலிருந்தும் படம் எடுங்க. மாவு, சாக்கட்டி எதையும் தேய்க்காதீங்க. "டபிள்யூ.டி." என்று வந்தால் வயோமிங் டெரிட்டரி, அதாவது மாநிலமாகும் முன்பிருந்த நிலை. வயோமிங் மாநிலமானது 1890 ஜூலையில், ஆகவே அச்சு வெட்டினது அதற்கு முன். "வயோ." என்று இருந்தால் அவ்வளவு உறுதியா சொல்ல முடியாது, அந்தச் சுருக்கம் இரண்டு காலத்திலும் புழங்கியது. இதே கணக்கு மற்ற ஊர்களுக்கும் உதவும்: மொன்டானாவும் டகோட்டாக்களும் வாஷிங்டனும் 1889, ஐடஹோ 1890, யூட்டா 1896, அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் 1912. கடைக்காரர் பழைய அச்சைத் தேயும்வரை அடிச்சிருப்பார் என்பதால் இரண்டு மூன்று வருஷம் முன்பின் விட்டுக்கோங்க.

அடுத்தது உடம்பு. புடைப்பில்லாத ஃபோர்க் பழைய வடிவம். இரண்டு பக்கமும் புடைத்த ஸ்வெல் ஃபோர்க் 1900க்குப் பிறகுதான் பரவியது. அதற்கு முன் துள்ளுற குதிரைக்குத் தோல் உருளைகளை ஃபோர்க்கில் கட்டிக்கொண்டாங்க. முத்திரை இல்லாத சேணத்தை "1880" என்று சொல்லி விற்கிறவரிடம் ஃபோர்க் புடைச்சிருந்தால் மேலே பேச வேண்டியதே இல்லை. 1870களில் இருக்கைத் தோல் பெரும்பாலும் அரை அளவுதான், முன்பாதியில் சட்டகம் வெளியே தெரியும். உங்களுடையது முழு இருக்கை, பக்கத்தில் திறப்பு. முன் வளையத்தைத் தாங்கும் வார் ஃபோர்க்கின் மேலேறிக் கொம்பைச் சுற்றி வருதா, அல்லது ஃபோர்க்கோடு நின்னுடுதா? கொம்பைச் சுற்றினால் அது சாம் ஸ்டாக் ரிக்கிங் (வளையத்தை வாரால் கட்டும் முறைக்கு ரிக்கிங் என்று பெயர்). 1890களின் நடுவுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆணிகளையும் பாருங்க. நட்சத்திரத் தலை பிலிப்ஸ் திருகு 1930களில்தான் சந்தைக்கு வந்தது. அது எங்கே இருந்தாலும் அந்த இடம் பிற்காலத்தில் கைவைத்த இடம்.

ஏலக்குறிப்பு

விலைக்கு வருகிறேன். வயதை முதலில் கேட்பதுதான் புதிதாக வாங்குபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம். வெஸ்டர்ன் சேணத்தில் வயது மூன்றாவது நான்காவது காரணம்தான். செய்தவரின் முத்திரை முதலாவது. எல்லா உறுப்புகளும் அதே சேணத்தோடு பிறந்தவையா என்பது இரண்டாவது.

1900க்கு முன் செய்த முத்திரையில்லாத சேணங்களும், தபால்வழி விலைப்பட்டியல் வணிகத்துக்காக மொத்தமாகச் செய்யப்பட்டவையும் இன்றும் ஏராளம். அவை அலங்காரப் பொருளாகச் சில நூறு டாலர்களில் நிற்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோவின் மெயின் அண்ட் வின்செஸ்டர், விசாலியா ஸ்டாக் சேடில் கம்பெனி, செயென்னின் மீனியா, பியூப்லோவின் கேலப், ஃப்ரேசியர், டென்வரின் ஹைசர், மைல்ஸ் சிட்டியின் கோக்ஷால், ஃபர்ஸ்ட்னோ, பென்டில்டனின் ஹாம்லி ஆகிய பெயர்கள் தெளிவாக இருந்து, உறுப்புகள் முழுதாக இருந்தால் பேச்சு ஆயிரங்களுக்குப் போகும். ஓட்டுவதற்கு வாங்குபவர்கள் இந்தச் சந்தையில் கிடையாது. பழைய சட்டகங்கள் ஒடுக்கம், இன்றைய அகன்ற குவார்ட்டர் இனக் குதிரைகளுக்குப் பொருந்தாது. ஆகவே சேகரிப்பவரின் கண் மட்டும்தான் விலை வைக்கிறது. அந்தக் கண் மாற்றப்பட்ட உறுப்பை உடனே பிடித்துவிடும்.

மேல் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால்: மெக்சிகோப் புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவின் கடைசிச் சேணம் 2012இல் ஹை நூன் ஏலத்தில் 718,750 டாலருக்குப் போனது. கௌபாய் பட நடிகர் ராய் ராஜர்ஸுக்காகப் போலின் என்ற சேணக்காரர் செய்த, வெள்ளி பதித்த சேணம் 2010இல் கிறிஸ்டீஸில் 386,500 டாலர். பாடம் செய்து வைத்திருந்த அவருடைய குதிரை டிரிகர் அதே ஏலத்தில் 266,500. சேணம் குதிரையை மிஞ்சியது. இந்தத் தொகைகளை வைத்து உங்கள் சேணத்தைக் கணக்கிடக்கூடாது. அங்கே விற்றது ஆவணத்தோடு வந்த மனிதர்களின் பெயர். "யாரோ ஒரு ஷெரிப் வைத்திருந்தது" என்ற வாய்மொழிக்கு ஒரு காசு கூடக் கொடுக்காதீர்கள். அந்தக் காலத்துப் புகைப்படம், விற்பனைச் சீட்டு, உயில் இவற்றில் ஒன்றாவது வேண்டும். புகைப்படம் என்றால் அதில் தெரியும் தோல் செதுக்கலும் கையில் உள்ள செதுக்கலும் பூவுக்குப் பூ ஒத்துப்போக வேண்டும்.

குளம்படி

ஏலக்குறிப்பு அண்ணா, ஒரு துணைக் கேள்வி. இணையத்தில் "அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்து மெக்லெல்லன் சேணம்" என்று நிறைய விற்பனைக்கு வருகிறது. முத்திரையும் இருக்கிறது, ராணுவப் பொருள் என்ற பெருமையும் இருக்கிறது. ஆனாலும் விலை குறைவு. ஏன்?

ரிக்கிங்_ராஜபாட்டை

இதை நான் சொல்றேன். மெக்லெல்லனை ராணுவம் ஏற்றது 1859இல். அதே அடிப்படை வடிவம் 1904, 1928 மாதிரிகள் வரை வந்தது. முதல் உலகப் போருக்காகப் பெரும் எண்ணிக்கையில் செய்து, மிச்சமானதை உபரியாக விற்றாங்க. "உள்நாட்டுப் போர்" என்று வருவதில் பெரும்பாலானவை 1904 மாதிரிதான். 1859 மாதிரியில் மரச்சட்டகத்தை மூடியிருப்பது பதனிடாத பச்சைத்தோல் மட்டும், மஞ்சளித்து எலும்பு நிறத்தில் விறைப்பா இருக்கும், தையல் விளிம்பு வெளியே தெரியும். 1904இல் அதன்மேல் செம்பழுப்புத் தோல் போர்த்தியிருக்கும். ராணுவம் கறுப்புத் தோலிலிருந்து செம்பழுப்புக்கு மாறினதே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆர்.ஐ.ஏ. என்ற ராக் ஐலண்ட் ராணுவப் பட்டறை முத்திரையோடு 1917 என்று ஆண்டு போட்டிருந்தால் வாதமே இல்லை. முன்பக்கப் பித்தளைத் தகட்டில் உள்ள 11, 11½, 12 இருக்கை அளவு அங்குலத்தில், அதை மாதிரி எண்ணாகப் படிக்காதீங்க.

போர்க் காட்சிகளை நடித்துக் காட்டுகிற குழுக்களுக்காக இந்தியாவில் செய்து அனுப்புகிற நகல்களும் சுற்றுது. சில வருஷம் வெயிலில் கிடந்தால் படத்தில் அசல் மாதிரியே தெரியும். நூலைப் பாருங்க. செயற்கை நூல்களில் பலவும் புற ஊதா டார்ச்சில் நீலவெள்ளையாக ஒளிரும், மெழுகிட்ட பழைய லினன் மங்கலாக இருக்கும்.

மலைச்சாரல்

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்தேன்.

பக்க வெளிச்சத்தில் முத்திரை முழுதாகத் தெரிகிறது: எஃப்.ஏ. மீனியா, மேக்கர், செயென், வயோ. ரிக்கிங் வார் கொம்பைச் சுற்றவில்லை, ஃபோர்க்கோடு முடிகிறது. திருகுகள் நேர்கோட்டுத் தலை. கொம்பில் காந்தம் ஒட்டுகிறது. கால்களை மறைக்கும் ஃபெண்டர்களில் வலதுபுறத்தில் விளிம்பு அச்சு வேறு: இடதில் சின்னச் சின்ன அரைவட்டம், வலதில் வெறும் கோடு. வலது ஃபெண்டரின் நூல் மட்டும் நீலமாக ஒளிர்கிறது. அடியில் ஆட்டுரோமத்துக்குப் பதிலாகச் செயற்கைப் பஞ்சு விரிப்பு ஒட்டியிருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பழைய ஆட்டுத்தோல் போட்டால் விலை கூடுமா?

தோல்வினைஞர்

பழைய ஆட்டுத்தோலைத் தேடிப் போடாதீர்கள். அது மூன்றாவது மாற்றமாகிவிடும், அதோடு பொய்யும் ஆகும். ஸ்கர்ட்டின் விளிம்பில் பழைய தையல் துளைகள் எஞ்சியிருந்தால் அதுவே சான்று. புதிதாகத் தைக்கப் போனால் அந்தத் துளைகள் கிழியும். இப்போது இருக்கும் விரிப்பு பசையால் ஒட்டியிருக்கிறது என்கிறீர்கள். பசையைப் பிய்த்தால் ரெட் ராட் பிடித்த தோலின் மேலடுக்கும் கூடவே வரும்.

ஏலக்குறிப்பு

இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஆட்டுரோம அடிவிரிப்பு தேய்ந்து போகும் உறுப்பு. வேலை செய்த சேணங்களுக்கு அந்தக் காலத்திலேயே மாற்றிப் போட்டார்கள். வாங்குபவர்கள் இதை மன்னிப்பார்கள், கொம்புத் தோலுக்கும், குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் சின்ச் பட்டைகளுக்கும் அதே சலுகை உண்டு. செயற்கை விரிப்பு கண்ணை உறுத்துகிறது என்று நினைக்கும் வாங்குபவருக்கு, சரியாகத் தைத்த உண்மையான ஆட்டுத்தோல் விரிப்பு மேலானது, புதிது என்று வெளிப்படையாகச் சொன்னால்.

ஃபெண்டர் அப்படியல்ல. செதுக்கலும் விளிம்பு அச்சும் அந்தப் பட்டறையின் கையெழுத்து. ஒரு ஃபெண்டர் மாறியிருப்பதை விலையில் பெரிய குறையாகத்தான் வைப்பார்கள். நல்ல வேளையாக முத்திரை கேன்ட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது. மாறிய ஃபெண்டரில் மட்டும் முத்திரை இருந்திருந்தால் மொத்தச் சேணத்தின் பிறப்பே சந்தேகமாகியிருக்கும்.

தோல்வினைஞர்

தேய்ந்து போகும் உறுப்பு என்பது சரி. ஆனால் இந்தத் தோலின் நிலையில் ஊசி ஏற்ற முடியாது என்பதுதான் என் கவலை. அங்குலத்துக்கு ஐந்தாறு துளை போட்டால் விளிம்பு தபால்தலை மாதிரி கிழிந்துவிடும். உறுதியான தோலாக இருந்தால் உங்கள் பேச்சை ஏற்றிருப்பேன்.

மலைச்சாரல், இன்னொரு சோதனை பாக்கி. மரச்சட்டகம் முறிந்திருக்கிறதா? வயிற்றோடு சேணத்தை அணைத்து, ஒரு கை கொம்பிலும் ஒரு கை கேன்ட்டிலிலும் வைத்து மெல்ல உள்நோக்கி அழுத்துங்கள். நல்ல சட்டகம் அசையாது. முறிந்தது இருக்கையின் நடுவில் மடியும், கிறீச்சிடும். பிறகு கவிழ்த்து, கொம்பை மட்டும் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். கயிறு கட்டி மாடு பிடித்த சேணங்களில் கொம்பு ஃபோர்க்கோடு சேரும் இடம்தான் முதலில் விடும். டெக்சஸ் பாணியில் கயிற்று நுனியைக் கொம்பில் இறுக்கிக் கட்டிவிடுவார்கள், மாட்டின் முழு இழுப்பும் அங்கேதான் விழும். பின்பக்கம் தூக்காமல் இருக்கத்தான் இரண்டாவது வளையமும் இரண்டாவது சின்ச்சும். கலிஃபோர்னியாக்காரர்கள் கயிற்றைக் கட்டாமல் கொம்பில் சுற்றி வழுக்கவிட்டார்கள். ஆகவே அவர்களுக்கு நடுவில் ஒற்றை வளையம் போதும், சுற்றுவதற்கு உயரமான கொம்பு வேண்டும். உங்களுடையது இரட்டை வளையம். சட்டகத்தைக் கட்டாயம் சோதியுங்கள்.

குளம்படி

வெள்ளி பதித்த அணிவகுப்புச் சேணங்களுக்கும் இதே வரிசைதானா? முத்திரை, உறுப்பு, வயது?

ஏலக்குறிப்பு

வரிசை அதேதான். வயது இன்னும் பின்னால் போகும். போலின் ஸ்வீடனில் 1895இல் பிறந்து ஹாலிவுட்டில் கடை நடத்தியவர். அவருடைய 1930கள், 40களின் சேணங்கள் 1880களின் நல்ல பண்ணைச் சேணங்களைப் பல மடங்கு மிஞ்சும். வெள்ளியை எடை போட்டு மதிப்பிடுவது பெரிய பிழை. ஒரு கான்ச்சோ வில்லையின் செதுக்கல் மழுங்கினாலே எடை மதிப்பைவிட அதிகம் போய்விடும். ஆகவே பாலிஷ் பசை வேண்டாம். "ஜெர்மன் சில்வர்" என்று போட்டிருந்தால் அது நிக்கல், செம்பு, துத்தநாகக் கலவை, வெள்ளியே கிடையாது. காந்தம் ஒட்டினால் இரும்பின் மேல் முலாம். ஒட்டாததாலேயே வெள்ளி என்றும் ஆகிவிடாது, "ஸ்டெர்லிங்" அச்சைத் தேடுங்கள். ஒரே சேணத்தில் சில வில்லைகள் மட்டும் கூர்மையாகவும் மற்றவை தேய்ந்தும் இருந்தால் கூர்மையானவை பிறகு வந்தவை.

மலைச்சாரல்

அழுத்திப் பார்த்தேன், சட்டகம் அசையவில்லை. கொம்பும் ஆடவில்லை. விற்பவர் 1,800 டாலர் கேட்கிறார், 1875 என்று எழுதித் தரவும் தயார்.

ரிக்கிங்_ராஜபாட்டை

1875க்கு வாய்ப்பில்லை. முழு இருக்கை, உலோகக் கொம்பு, கொம்பைச் சுற்றாத ரிக்கிங், "வயோ.", இன்னும் புடைக்காத ஃபோர்க் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 1890களின் நடுவிலிருந்து 1900களின் முதல் சில ஆண்டுகள். அதுவே நல்ல காலம்தான். அவர் எழுதித் தரும் 1875 உங்களுக்கு வேண்டாம், நாளைக்கு நீங்க விற்கும்போது அந்தத் தாள் உங்களையே சந்தேகப்பட வைக்கும். இருக்கைக்குப் பின்னாலோ அங்கவடி வாரின் நுனியிலோ மாதிரி எண் ஏதாவது அடிச்சிருக்கான்னு ஒருமுறை பாருங்க. இருந்தால் பழைய விலைப்பட்டியலோடு ஒப்பிடலாம்.

ஏலக்குறிப்பு

நல்ல மீனியா, உறுதியான சட்டகம், ஒரு ஃபெண்டர் மாற்றம், செயற்கை விரிப்பு, வாரில் ரெட் ராட். என் கணிப்பில் 1,800 அதிகம். 1,000 முதல் 1,200 வரை பேசுங்கள். மாறிய ஃபெண்டரின் நூல் ஒளிரும் படத்தைக் காட்டிப் பேசுங்கள், வாய்ச்சண்டை தேவைப்படாது. இடது ஃபெண்டரைப் பார்த்து வலதைப் புதிதாகச் செதுக்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பிற்பாடு ஏலத்தில் விற்க நினைத்தால், வாங்குபவர் ஏலம் முடிந்த தொகைக்கு மேல் 20 முதல் 25 சதவீதம் வரை கொடுப்பதும், உங்களிடம் தனியே தரகு பிடிப்பதும் வழக்கம். அறிவிக்கும் விலையும் கைக்கு வரும் பணமும் ஒன்றல்ல. மதிப்பீடு எழுதித் தருபவரே "நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றால் வேறொருவரிடம் போங்கள்.

தோல்வினைஞர்

வாங்கினால் கொண்டுவருவது பற்றி. கொம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், கொம்பில் தொங்கவிடாதீர்கள். ஒரு கை ஃபோர்க்கின் அடியில், ஒரு கை கேன்ட்டிலின் அடியில். அங்கவடிகளை மேலே கட்ட வேண்டாம், ரெட் ராட் பிடித்த வார் மடிப்பிலேயே அறுந்துவிடும். காரில் பீப்பாய் போல் சுருட்டிய போர்வையின் மேல் உட்காரவைத்து, அங்கவடிக்குக் கீழேயும் துணி அடுக்கி எடையைத் தாங்கச் செய்யுங்கள். குமிழ் உறையைத் தோலோடு நேராகச் சுற்றாதீர்கள், வெயில் பட்டால் குமிழ்த் தடம் பதியும். அமிலமற்ற மெல்லிய தாள் முதலில்.

வீட்டில் ஒற்றைக் கட்டையின் மேல் வைக்காமல், சட்டகத்தின் இரு பட்டைகளும் முழு நீளமும் அமரும் அகலமான தாங்கி வேண்டும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். 65ஐத் தாண்டினால் பூஞ்சை. மச்சு அறையும் நிலவறையும் இரண்டும் ஆகாது. செயற்கை விரிப்பு என்பதால் பூச்சி வராது என்று நினைக்காதீர்கள், அதன் அடியில் பழைய ரோமத்தின் வேர் எஞ்சியிருக்கலாம். பூச்சித் தடம் கண்டால் பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் பை முழுதும் அறை வெப்பத்துக்கு வந்து, வெளிப்புற நீர்த்துளிகள் காய்ந்த பிறகே திறக்க வேண்டும். முன்பே திறந்தால் அந்த நீர் தோலில் இறங்கும்.

மலைச்சாரல்

1,150க்கு முடிந்தது. விற்பனைச் சீட்டில் ஆண்டு போடச் சொல்லவில்லை. "எஃப்.ஏ. மீனியா முத்திரை, வலது ஃபெண்டரும் அடிவிரிப்பும் பிற்காலத்தவை" என்று எழுதி வாங்கினேன். மாதிரி எண் இடது அங்கவடி வாரின் உள்நுனியில் இருப்பது போலத் தெரிகிறது, ஆனால் அங்கேதான் தூள் அதிகம் உதிர்கிறது. முதலில் இறுக்கிவிட்டுப் படமெடுக்கட்டுமா, படமெடுத்துவிட்டு இறுக்கட்டுமா?

தோல்வினைஞர்

படம் முதலில். தூரிகைகூடப் படாமல், நாலு பக்கமிருந்தும் வெளிச்சம் வைத்து எடுத்துவிடுங்கள். கலவை தடவினால் பள்ளங்களில் தேங்கி எண்ணின் விளிம்பு மங்கும். படத்தை இங்கே போடுங்கள், எண்ணைச் சேர்ந்து படிப்போம்.